அரசுப் பள்ளிக்கு வரும் ‘இலவச’ மென்பொருள்: டெண்டரில் ஒரு வரி, வினாத்தாளில் ஓர் எழுத்துரு

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். ஒரு நிறுவனம், சமூகப் பணிக்கென்று கம்பெனிகள் ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியில் 10 கம்ப்யூட்டர் தருவதாகச் சொல்கிறது. விண்டோஸ், ஆஃபிஸ் எல்லாம் இலவசம், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் இலவசம். எல்லாருக்கும் சந்தோஷம். கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும், “லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள், இதெல்லாம் கார்ப்பரேட் லாபி” என்கிறார். பிள்ளைகளுக்கு ஓசியில் கொடுப்பதில் என்ன லாபி இருக்க முடியும்? இது நிஜமா, சும்மா பேச்சா?

பதில்:

கம்ப்யூட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற கம்ப்யூட்டரை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நம் பள்ளிகள் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியாரை உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் கேட்கும் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாக யாரும் விலையில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். அவர் சொல்வதற்குப் பின்னால் 20 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில்தான் நடந்திருக்கிறது.

நான் பள்ளிக் கம்ப்யூட்டர் லேப்களைப் பராமரித்தும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் பிழைத்தவன். குமரி மாவட்டத்துக்காரன் என்பதால் பாதி வேலை கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரே சாலையில் 5 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விதமான லேப்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்பெனி தன் சரக்கை எப்போது இலவசமாகக் கொடுக்கிறது என்று கவனியுங்கள். பக்கத்தில் வேறொருவன் கடை விரிக்கும்போதுதான். இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு அருமையான வழக்கு நடந்தது. 2001-ல் மைக்ரோசாஃப்ட் மீது, ஏகபோகத்தைப் பயன்படுத்தி வாடிக்கையாளர்களிடம் அதிக விலை வாங்கியதாக நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்திருந்தன. சமரசமாக அந்தக் கம்பெனி முன்வைத்த யோசனை என்ன தெரியுமா? அமெரிக்காவின் மிக ஏழ்மையான 12,500-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 5 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள மென்பொருள், பழுது பார்த்த கம்ப்யூட்டர்கள், பயிற்சி எல்லாம் தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்பது. தண்டனையே தர்மமாகிவிட்டது!

இதில் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். ஒன்று ஆப்பிள். அமெரிக்கப் பள்ளிகள் அப்போது அவர்களுடைய கோட்டை, அதற்குள் எதிராளி நுழைய நீதிமன்றமே வாசலைத் திறந்துவிடுகிறதே என்று அலறினார்கள். அடுத்தது ரெட் ஹாட் என்ற லினக்ஸ் கம்பெனி. அவர்கள் சொன்னது நேரடியான மளிகைக்கடைக் கணக்கு: மென்பொருளை நாங்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் விலையில்லாமல் தருகிறோம், மைக்ரோசாஃப்ட் அந்தப் பணம் முழுவதையும் கம்ப்யூட்டர் வாங்கச் செலவு செய்யட்டும், அப்போது 2 லட்சம் கம்ப்யூட்டருக்குப் பதிலாக 10 லட்சத்துக்கு மேல் கொடுக்கலாம். 2002 ஜனவரியில் பால்டிமோர் நீதிபதி ஃபிரெடரிக் மாட்ஸ் அந்தச் சமரசத்தை நிராகரித்தார். பணம் போதாது என்பது ஒரு காரணம், கல்விச் சந்தையில் போட்டியைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் இதே மாதிரி வழக்கு சமரசமானபோது, எந்தக் கம்பெனிப் பொருளையும் வாங்கிக்கொள்ளலாம் என்ற வவுச்சர்களாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. “பிள்ளைகளுக்கு ஓசியில் கொடுப்பதில் என்ன தப்பு” என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நீதிபதி ஏற்கெனவே பதில் எழுதிவைத்திருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன்.

அதே 2002-ன் நடுவில் நடந்தது இன்னும் சுவாரசியம். மைக்ரோசாஃப்டின் உலக விற்பனைத் தலைவராக இருந்த ஆர்லாண்டோ அயாலா தன் மேலாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அது பத்திரிகைக்கு வெளியே வர ஒரு வருடம் ஆனது. சாராம்சம் இதுதான்: அரசாங்கங்களிடமும் கல்வித்துறையிலும் லினக்ஸிடம் எந்தச் சூழ்நிலையிலும் தோற்கக் கூடாது, ஆர்டர் கைநழுவும் என்று தோன்றினால் இதற்கென்று ஒதுக்கியிருக்கும் தனி நிதியிலிருந்து எடுத்து விலையை வெட்டுங்கள், தேவைப்பட்டால் சும்மாவே கொடுங்கள். அந்த நிதியின் பெயரிலேயே ‘கல்வி’யும் ‘அரசு’ம் இருந்தன. லினக்ஸ் என்ற பேச்சே எழாத ஊரில் முழு விலை, எழுந்த ஊரில் தள்ளுபடி. உங்கள் கணக்கு வாத்தியார் கூட்டத்தில் எழுந்து நின்று “லினக்ஸ்” என்று சொன்னதற்கே ஒரு விலை இருக்கிறது என்பது புரிகிறதா?

(மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாறப்போகிறது என்றதும் மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்க ஓடினார். பள்ளிக்கூட விஷயம் இல்லை என்பதால் அதற்குள் போகவில்லை.)

பெரு நாட்டுக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எட்கர் வில்லனுவேவா என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளைத்தான் (லினக்ஸ் போல யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியது) பயன்படுத்த வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 2002 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் பெரு நிர்வாகி அவருக்குக் கடிதம் எழுதினார்: இது பாரபட்சம், போட்டியைத் தடுக்கிறது, பாதுகாப்பு இல்லை, லைசென்ஸ் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். ஏப்ரலில் வில்லனுவேவா வரிக்கு வரி பதில் எழுதினார். அவருடைய வாதத்தின் அழகு எங்கே என்றால், அவர் விலையைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. மசோதா யாரையும் விலக்கவில்லை, எந்த நிபந்தனையில் விற்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. குடிமக்களின் தகவலை அரசு வைத்திருக்கிறது, அந்தத் தகவலைத் திறக்கும் சாவி ஒரு வியாபாரியிடம் இருக்கக் கூடாது. நிபந்தனைக்கு ஒத்துவந்தால் மைக்ரோசாஃப்டும் தாராளமாக விற்கலாம். அந்தப் பதில் உலகம் முழுக்க மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது.

அப்புறம்? அமெரிக்கத் தூதர் பெரு நாடாளுமன்றத் தலைவருக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஜூலையில் பெரு அதிபர் அலெஹாந்த்ரோ தொலேதோ அமெரிக்கா போய் பில் கேட்ஸைச் சந்தித்தார். 5,50,000 டாலர் மதிப்புள்ள நன்கொடை அறிவிக்கப்பட்டது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பெருவின் பள்ளிக்கூடங்களுக்கு. வில்லனுவேவாவின் மசோதா அந்த வடிவத்தில் சட்டமாகவில்லை. நன்கொடைக்கும் மசோதாவுக்கும் முடிச்சுப் போட யாரிடமும் ரசீது இல்லை. லாபி என்பதே ரசீது இல்லாத வேலைதானே.

நைஜீரியாவில் நடந்தது அதைவிடப் பச்சை. 2007-ல் பள்ளிகளுக்காக 17,000 சிறிய லேப்டாப்கள், மாண்ட்ரிவா என்ற பிரெஞ்சு கம்பெனியின் லினக்ஸோடு வாங்குவதென்று முடிவாகி ஆர்டரும் போனது. மெஷின்கள் வந்து இறங்கும் நேரத்தில், “மென்பொருளுக்கான பணத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறோம், ஆனால் அழித்துவிட்டு விண்டோஸ் போடப்போகிறோம்” என்று தகவல். மாண்ட்ரிவா தலைவர் பால்மருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மெஷின்களை விநியோகிக்கும் உள்ளூர் கம்பெனிக்கு மார்க்கெட்டிங் செலவு என்ற பெயரில் 4,00,000 டாலர் தருவது பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை மைக்ரோசாஃப்டும் மறுக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு காப்பாற்றியது யார்? 17,000-ல் 11,000 மெஷினுக்குப் பணம் கொடுத்த நைஜீரிய அரசு நிறுவனம். நாங்கள் காசு கொடுத்தது லினக்ஸுக்கு, லினக்ஸே இருக்கட்டும் என்று அது நின்றுவிட்டது. டெண்டரில் ஜெயிப்பது ஒரு பாதி, ஜெயித்ததை லேப்பில் கொண்டுபோய் இறக்கும்வரை காவல் இருப்பது மறு பாதி.

காசு கொடுத்து வாங்குகிற பள்ளிகளுக்கு வேறு விதமான கஷ்டம். 2002-ல் அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் 24 பெரிய பள்ளி மாவட்டங்களுக்கு மைக்ரோசாஃப்டிடமிருந்து கடிதம் வந்தது: 60 நாளில் உங்கள் எல்லாக் கம்ப்யூட்டர்களின் லைசென்ஸ் கணக்கையும் காட்டுங்கள். ஆயிரக்கணக்கான மெஷினுக்கு ரசீது தேட முடியாதவர்களுக்கு வருடச் சந்தா ஒப்பந்தம் என்ற மாற்று வழி தயாராக இருந்தது. பிரிட்டனில் பள்ளிக் கணினிமயத்துக்கான அரசு அமைப்பான பெக்டா இதே மாதிரியான சந்தாவைப் பற்றித்தான் 2007-ல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. சந்தா முறையில் பள்ளியில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் எண்ணிப் பணம் கட்ட வேண்டியிருந்தது, லினக்ஸ் ஓடுகிற மெஷினையும் சேர்த்து. வீட்டில் கேஸ் இணைப்பு வாங்கிவிட்டு விறகு அடுப்புக்கும் சேர்த்துக் கேஸ் கம்பெனிக்குக் கட்டணம் கட்டுவது போல. இப்படி எண்ணினால் லினக்ஸுக்கு மாறுவதில் பள்ளிக்கு ஒரு பைசா மிச்சம் இல்லை. ஒப்பந்தத்தில் அந்த ஒரே ஒரு வரி, போட்டியைத் தானாகவே கொன்றுவிடுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வி, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் 2001 வாக்கில் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கியது. தொடக்கத்தில் அதுவும் விண்டோஸ்தான். பாடப்புத்தகமே விண்டோஸ் மெனுவைப் பார்த்து எழுதினாற்போல இருந்தது, பெரிய கம்பெனிகளின் ஆசிரியர் பயிற்சித் திட்டங்களும் உள்ளே வந்தன. அதே 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார் என்றாலும், ஸ்டால்மனின் பேச்சால் கேரளம் மாறியது என்று சொல்வது பாதிக் கதை. ஆசிரியர் சங்கம் கையில் எடுத்ததால்தான் மாறியது. அரசுப் பாடத்திட்டம் ஒரு கம்பெனியின் பொருளுக்கு விளம்பரமாக இருக்கலாமா என்று கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ. கேட்டது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து சில வருடம் ஓடின. 2006-ல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு வந்தபின் வேகம் பிடித்து, 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு முழுக்க லினக்ஸில் நடந்தது. கவனியுங்கள், தேர்வு. தேர்வில் வந்துவிட்டால் நம் ஊர்களில் எதுவும் நிலைத்துவிடும்.

2017-ல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. 2019-ல் புதிய லினக்ஸ் பதிப்பை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்போவதாகவும் அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அறிவித்தார்கள். இந்த எண்ணை நான் அப்படியே விழுங்குவதில்லை. வகுத்துப் பார்த்தால் ஒரு மெஷினுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் லைசென்ஸ் வருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பட்டியல் விலையில் யார் விற்கிறார்கள்? அயாலா மின்னஞ்சலைத்தான் பார்த்தோமே, போட்டி வந்தால் சும்மாவே கொடுப்பார்கள். ஆகவே ‘லினக்ஸ் மலிவு’ என்ற வாதத்தை நம்பி மட்டும் இறங்கினால், எதிராளி விலையைப் பூஜ்யமாக்கும் நாளில் உங்கள் கையில் வாதமே இருக்காது. கேரளத்தின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நேரில் பார்த்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி. வேறு வேலையாகப் போயிருந்தேன். லேப்பில் ஒரு மெஷின் பூட் ஆகவில்லை. ஜீவசாஸ்திரம் (உயிரியல்) எடுக்கிற ஒரு டீச்சர், ஐடி பொறுப்பும் அவருக்குத்தான், மேஜை டிராயரைத் திறந்து பென்டிரைவ் ஒன்றை எடுத்தார். செருகினார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து, “பழைய ஹோம் இருக்கிற பார்ட்டிஷனைத் தொட்டுவிடாதே, ஃபைல் எல்லாம் அதில்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தார். அரை மணி நேரத்தில் மெஷின் தயார். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, படம் திருத்த ஜிம்ப், ஆஃபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபிஸ், வானத்தைக் காட்டுகிற கேஸ்டார்ஸ் எல்லாம் அந்தப் பென்டிரைவிலேயே. லைசென்ஸ் எண் கேட்கவில்லை, யாருக்கும் போன் போகவில்லை. இடுக்கி, பாலக்காட்டில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே ஐடி பாடம் தமிழில் அச்சாகிப் போகிறது.

அதே மாதத்தில் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் லேப் பூட்டிக் கிடந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் எப்போதோ முடிந்துபோன ஒப்பந்தத்துக்கு வர மாட்டார். ஹெச்.எம். சாவியைக் கொடுக்கத் தயங்கினார், ஏதாவது ஆகிவிட்டால் ஆடிட்டில் தன் தலையில் விழும் என்ற பயம். நான் உள்ளே போனபோது கீபோர்டு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை.

தமிழ்நாடு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் தலைமையில் இருந்தபோது அலுவலகத்தையே சூசே என்ற லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் இருந்துகொண்டு பாஸ் லினக்ஸைத் தயாரித்தது, பள்ளிகளுக்கென்று எடு-பாஸ் என்று தனிப் பதிப்பும் உண்டு. 2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல் கட்டம் மட்டும் 9.12 லட்சம். அடுத்த வருடங்களையும் சேர்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும். உலகில் எந்த லினக்ஸ்காரரும் கனவுகூடக் காணாத எண்ணிக்கை.

என் கைக்கு வந்த முதல் கட்ட மெஷின்களில் விண்டோஸும் பாஸும் சேர்ந்து இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் என்பது ‘ஸ்டார்ட்டர்’ பதிப்பு, இருப்பதிலேயே அடித்தட்டு. அதில் திரைப்பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பிளஸ் டூ பையன் முதல் முதலாகச் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான், தலைவன் படத்தை வைக்க முடியவில்லை! நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கடைக்குப் போவான். கடைக்காரர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு மொத்தத்தையும் ஃபார்மேட் செய்து, திருட்டு விண்டோஸ் ‘அல்டிமேட்’, ஃபோட்டோஷாப், பத்து விளையாட்டு எல்லாம் ஏற்றிக் கொடுப்பார். பாஸ் போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதைத் திறந்து பார்த்தவர்களே குறைவு. அந்தக் கடையில் நானும் கொஞ்ச நாள் மாலை வேலை பார்த்திருக்கிறேன், எத்தனை மெஷினை அப்படி அழித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால் பேசும்போது பில் கேட்ஸ் சீனத்துத் திருட்டுப் பிரதிகளைப் பற்றி ஒளிக்காமல் சொன்ன விஷயம் ஒன்று உண்டு: எப்படியும் திருடத்தான் போகிறார்கள், நம்முடையதையே திருடட்டும், பழக்கம் ஏறிவிடும், எப்படி வசூலிப்பது என்று அடுத்த பத்து வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டு கடையில் 300 ரூபாய்க்கு நான் செய்தது சம்பளமில்லாத மார்க்கெட்டிங் வேலை என்று பிற்பாடுதான் உறைத்தது.

கேரளத்துக்கும் நமக்கும் வித்தியாசம் மெஷினில் இல்லை. அங்கே முதலில் ஆசிரியர், பிறகு பாடப்புத்தகம், பிறகு தேர்வு, அதற்குப் பின்னால்தான் மென்பொருள். இங்கே மெஷின் நேராகப் பையன் மடியில் வந்து விழுந்தது. அவனுக்கு பாஸைத் திறக்க ஒரு காரணம்கூடப் பாடத்தில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவனுக்கு மட்டும்தான் பாடமே. 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் புத்தகங்களில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸும், கட்டற்ற மென்பொருளான ஓப்பன் ஆஃபிஸும் வந்தது நல்ல மாற்றம், அதைச் செய்தவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை. ஆனால் அதற்குள் லேப்டாப் திட்டம் தன் ஆட்டத்தை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பூட்டு இருக்கிறது, அதை எந்தக் கம்பெனியும் போடவில்லை, நாமே போட்டுக்கொண்டது. ஆசிரியர்களிடம் ஏன் லினக்ஸ் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். “வினாத்தாள் அடிக்க முடியாது சார்” என்பார்கள். இருபது வருட வினாத்தாள்கள், யூனிகோடு (எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி திறக்கும் பொது எழுத்துக் குறியீடு) அல்லாத ஏதோ ஓர் எழுத்துருவில் இருக்கும், அதை அடிக்கும் கீபோர்டு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். லினக்ஸில் திறந்தால் ‘திருக்குறள்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் சதுரமும் ஐரோப்பியக் குறிகளும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு என்று ஆணை போட்டுவிட்டது. ஆணை கோட்டையில், வினாத்தாள் பென்டிரைவில். ஒரு பயிற்சியில் நான் லினக்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றுவதையும் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வதையும் மட்டும் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். நான்காம் நாள் லிப்ரே ஆஃபிஸைத் திறந்தபோது ஒருவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. பழைய வினாத்தாள் அப்படியே வந்ததே, அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

எதிர்த்தரப்பு வாதங்களில் ஒன்றை மட்டும் மதிக்கிறேன். “வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸ்தானே” என்பதை அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை வேலைக்குப் போகும்போது இன்றைய மெனு எதுவும் இருக்காது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கான வசதிகள், சில குறிப்பிட்ட பிரின்டர்கள், ஸ்மார்ட் போர்டுகள், இவற்றில் லினக்ஸ் இன்னும் கழுத்தறுக்கும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளையோ கருவியோ இருந்தால் அந்த ஒரு மெஷினை விண்டோஸிலேயே விடுங்கள், சித்தாந்தம் பார்க்காதீர்கள்.

லாபி டெல்லியிலும் உண்டு. 2008-ல் பள்ளிகளுக்கான தேசியத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை எழுதும் வேலை தொடங்கியபோது, கம்பெனிகளின் கை ஓங்கியிருக்கிறது என்று கல்வியாளர்களும் கட்டற்ற மென்பொருள்காரர்களும் சத்தம் போட்டார்கள். அமைச்சகம் அந்த வரைவைக் கைவிட்டுப் புதிதாகக் குழு போட்டது. 2012-ல் வந்த கொள்கை, பள்ளிகளில் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்கிறது. உங்கள் கணக்கு வாத்தியாரிடம் சொல்லுங்கள், கூட்டத்தில் அதைக் காட்டட்டும். அவர் சொல்வது அரசுக் கொள்கைதான், தனி ஆசை இல்லை.

இப்போது களமே மாறிவிட்டது. விண்டோஸா லினக்ஸா என்பது பழைய சண்டை, புதிய சரக்கு கணக்கு, அதாவது ‘அக்கவுன்ட்’. பிள்ளைக்கு ஒரு மின்னஞ்சல், வகுப்பு, சேமிப்பு எல்லாம் ஒரே கம்பெனியிடம், கட்டணமில்லாமல். 2022-ல் டென்மார்க்கின் தகவல் பாதுகாப்பு ஆணையம், ஹெல்சிங்கோர் நகரப் பள்ளிகளில் குரோம்புக் என்ற கூகுள் வகை லேப்டாப்பும் கூகுளின் பள்ளிச் சேவையும் பயன்படுத்தத் தடை போட்டது, பிறகு பேச்சுவார்த்தையில் இறங்கி வந்தது. அதே வருடம் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம், மைக்ரோசாஃப்டின் ஆஃபிஸ் 365, கூகுள் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகளைப் பள்ளிகளில் பயன்படுத்தக் கூடாது என்றது. விலை காரணமே இல்லை, பிள்ளைகளின் தகவல் எங்கே போகிறது என்பதுதான் காரணம். வில்லனுவேவா 20 வருடத்துக்கு முன்னால் எழுதியது இதைத்தான்.

சரி, உங்கள் 10 கம்ப்யூட்டர். அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், மெஷின் எந்த வருடத்தது? 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஓடாத பழைய மெஷின்களைக் கம்பெனிகள் கழித்துக் கட்டுகின்றன, அதில் ஒரு பங்கு சி.எஸ்.ஆர். என்ற பெயரில் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. அப்படிப்பட்ட மெஷின் என்றால் விவாதமே வேண்டாம், லினக்ஸ்தான் அதற்கு மறுபிறவி. புது மெஷின் என்றால், இலவசம் எத்தனை வருடத்துக்கு, அதன் பிறகு யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளி தன் விருப்பப்படி அழித்து வேறு மென்பொருள் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை நன்கொடைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், லாபி இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிள்ளைகள் பெயரில் அக்கவுன்ட் திறக்க வேண்டும் என்று கேட்டால், பெற்றோர் கூட்டத்தில் வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியர் பயிற்சியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் என்ன சொல்லிக்கொடுப்பது என்று பள்ளி தீர்மானிக்கட்டும்.

ஆறு மெஷினில் லினக்ஸ், நான்கில் அவர்கள் தருவது என்று தொடங்கலாம். கணக்கு வாத்தியார் ஜியோஜீப்ராவில் ஒன்பதாம் வகுப்பு வடிவியலை நடத்தட்டும். அதற்கும் முன்னால், பள்ளி அலுவலகத்தில் வினாத்தாள் தட்டச்சு செய்பவர் யாரோ, அவர் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எந்த எழுத்துருவில் அடிக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.